கீழக்கரை மாடியில் பாப்பர் கமாண்டர்: ஆட்டமும் கடையும் எப்படி?

மேஜிக் தி கேதரிங் என்கிற கார்டு ஆட்டம் ஆட மதுரைக்குப் பஸ் ஏற வேண்டியதில்லை, கீழக்கரையிலேயே ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் அசர் தொழுகைக்கு அப்புறம் ஒரு மாடியில் ஆள் சேருகிறார்கள் என்று யாரோ எங்கேயோ சொல்லிவிட, ராமநாதபுரம், ஏர்வாடி, மண்டபம் பக்கமிருந்தெல்லாம் என்னிடம் விவரம் கேட்டு வரிசையாக மெசேஜ் வருகிறது. ஒவ்வொருவருக்கும் தனியாகப் பதில் எழுதி முடியவில்லை, மொத்தமாக இங்கேயே எழுதிவிடுகிறேன். கடை நன்றாக இருக்கிறது, குறைகளோடு. அங்கே ஆடுகிற பாப்பர் கமாண்டர் என்கிற வகை அதைவிட நன்றாக இருக்கிறது, அதற்கும் குறை உண்டு. மதிப்பெண் கேட்கிறவர்களுக்கு: ஆட்டத்துக்கு 5-க்கு 4, கடைக்கு மூன்றரை. காரணம் தெரிய வேண்டும் என்றால் தொடர்ந்து படியுங்கள், கொஞ்சம் நீளம்தான்.

புதியவர்களுக்காக ஆரம்பத்திலிருந்து. ரிச்சர்ட் கார்ஃபீல்டு வடிவமைத்து 1993-ல் விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் வெளியிட்ட ஆட்டம் மேஜிக். நாம் பள்ளிக்கூடத்தில் ஆடிய மல்யுத்த ட்ரம்ப் கார்டில் கடையில் வாங்கிய ஒரே கட்டைப் பிரித்து ஆடுவோம். இதில் அப்படியில்லை, அவரவர் டெக்கை, அதாவது ஆடுகிற கார்டுக் கட்டை, அவரவரே தேர்ந்தெடுத்துக் கட்டிக்கொண்டு வர வேண்டும். பிரச்சினையும் அங்கேதான் ஆரம்பம். கார்டுகளில் காமன், அன்காமன், ரேர் என்று தரம் உண்டு, 2008-ல் மித்திக் ரேர் என்று அதற்கும் மேலே ஒன்றைக் கொண்டுவந்தார்கள். ரொம்ப காலம் 15 கார்டு பூஸ்டர் பாக்கெட்டில் ஒரு ரேர், மூன்று அன்காமன், மீதியெல்லாம் காமன் என்பதுதான் கணக்கு. பாக்கெட்டைப் பிரிக்கிறவர் அந்த ஒரு ரேரைப் பார்த்துவிட்டு மிச்சத்தை ஒதுக்கிவிடுவார். துபாயிலும் சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் அப்படி ஒதுக்கப்பட்ட மிச்சம்தான் லீவுக்கு வருகிறவர்களின் பெட்டியில் துணிமணிக்கு நடுவே கீழக்கரை வந்து சேருகிறது. கிலோ கணக்கில் காமன் இருக்கும், ரேர் தேடினால் கிடைக்காது. இந்தக் கரையில் மேஜிக் ஆட வேண்டுமானால் அந்தக் காமன் குவியலை வைத்துத்தான் ஆடியாக வேண்டும், பாப்பர் கமாண்டர் அதற்கென்றே அளவெடுத்துச் செய்த வகை. என் பாராட்டெல்லாம் சுற்றிச் சுற்றி இந்த ஒரு காரணத்தில்தான் வந்து நிற்கும்.

விதி சுருக்கம் இதுதான். டெக்கில் மொத்தம் 100 கார்டு. அதில் ஒன்று கமாண்டர், அதாவது டெக்கின் தலைவர், அது ஒரு அன்காமன் உயிரினக் கார்டாக இருக்க வேண்டும். மிச்சம் 99-ம் காமன். அடிப்படை நிலக் கார்டுகளைத் தவிர எந்தக் கார்டிலும் ஒன்றுக்கு மேல் வைக்கக் கூடாது. கமாண்டரின் நிறம் எதுவோ அந்த நிறத்துக்குள்ளேதான் டெக் முழுக்க இருக்க வேண்டும், நிறமில்லாத கார்டுகள் எதிலும் சேரும். ஒவ்வொருவருக்கும் ஆரம்ப உயிர் 30. ஒரே கமாண்டரிடம் சண்டையில் 16 சேதம் வாங்கினால் உயிர் எவ்வளவு மிச்சம் இருந்தாலும் அவுட். காமன் கட்டுப்பாடு இல்லாத வழக்கமான கமாண்டர் வகையில் (பெரிய கமாண்டர் என்போம்) இந்த இரண்டு எண்களும் 40, 21. செத்த கமாண்டரைத் தனி இடத்திலிருந்து திரும்ப இறக்கலாம், ஒவ்வொரு தடவையும் கூடுதலாக இரண்டு மனா (கார்டை இறக்க நிலக் கார்டுகள் தருகிற சக்தி) கட்ட வேண்டும், இது இரண்டு வகைக்கும் பொது. பெரும்பாலும் நாலு பேர் ஒரு மேசையில் உட்கார்ந்து ஆடுவது. இது விஸார்ட்ஸ் கம்பெனி நடத்துகிற வகை இல்லை, ஆடுகிறவர்களே கூடி விதி எழுதி வைத்திருப்பது. 2024 செப்டம்பரில் பெரிய கமாண்டரின் விதிப் பொறுப்பைக் கம்பெனி எடுத்துக்கொண்டது, இதை எடுக்கவில்லை. அதனால் நம்ம ஊருக்கு வேண்டிய மாதிரி ஒன்றிரண்டை மாற்றிக்கொண்டாலும் யாரும் கேட்கப் போவதில்லை.

"ஒவ்வொன்றிலும் ஒன்றுதான்" என்ற விதியின் அருமை எனக்கு இங்கே வந்த பிறகுதான் புரிந்தது. 60 கார்டு பாப்பர் என்று இதற்கு அண்ணன் முறையில் ஒன்று இருக்கிறது, முழுக்கக் காமன், இரண்டு பேர் மோதுவது, நல்ல கூர்மையான ஆட்டம். அதில் ஒரு நல்ல கார்டு வேண்டுமென்றால் நாலு வேண்டும். லைட்னிங் போல்ட் நாலு, கவுன்ட்டர்ஸ்பெல் நாலு என்று சேர்ப்பது சென்னையில் சுலபமாக இருக்கலாம். பெட்டியில் வந்த கலவையைக் கிளறிக்கொண்டிருக்கிற நமக்கு ஒரே கார்டில் நாலு கிடைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். வெவ்வேறு கார்டுகளில் ஒவ்வொன்று என்றால் ஒரு மதியத்தில் டெக் தயாராகிவிடுகிறது. பாம்பனிலிருந்து வருகிற தம்பி ஒருவர் மீன்பிடித் தடைக்காலத்தில், அதாவது ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை படகு கரையில் கட்டிக் கிடக்கிற அந்த 61 நாளில், ஆட்டம் கற்றுக்கொண்டவர். முதல் டெக்கை இங்கே இருக்கிற பெட்டிகளிலிருந்து பொறுக்கியே கட்டினார். அந்த டெக்கிடம் நான் இன்றைக்கும் தோற்றுக்கொண்டிருக்கிறேன், அது வேறு விஷயம்.

அடுத்து கமாண்டர் விதி. பெரிய கமாண்டரில் தலைவராக வருவது பொதுவாகப் பேர் பெற்ற, கதையுள்ள லெஜண்டரி உயிரினமாக இருக்க வேண்டும். இங்கே அந்தக் கட்டாயம் கிடையாது, அன்காமனைக் காட்டுகிற வெள்ளி முத்திரை உள்ள எந்த உயிரினமும் தலைவராகலாம். இந்த ஒரே தளர்வில் ஆட்டத்தின் முகமே மாறிவிடுகிறது. யாரும் திரும்பிப் பார்க்காத, ஒரு சீசன் ஆடிவிட்டு ரப்பர் பேண்டு போட்டு மூலையில் வைத்த பொடிக் கார்டு திடீரென்று நடுமேசையில் உட்காருகிறது, அதைச் சுற்றி 99 கார்டு யோசிக்க வேண்டியிருக்கிறது. இணையத்தில் பார்த்துக் காப்பி அடிக்க ஆயிரம் டெக் இருக்காது, பல உயிரினங்களுக்கு ஒரு டெக்கூட இருக்காது, நீங்களேதான் கட்ட வேண்டும்.

ஒரு டர்னை மட்டும் அப்படியே சொல்கிறேன். கட்டர்ஸ்னைப் என்று ஒரு கோப்லின், 2012-ல் வந்த ரிட்டர்ன் டு ராவ்னிகா தொகுப்பில் அன்காமன். விலை மூன்று மனா, உடம்பு 2/2 (அடிப்பது 2, தாங்குவது 2), பார்த்தால் சாதா. நாம் இன்ஸ்டன்ட் அல்லது சார்சரி மந்திரம் ஒன்று போடும்போதெல்லாம் ஒவ்வொரு எதிராளிக்கும் 2 சேதம் என்பதுதான் அதன் வேலை. இருவர் ஆட்டத்தில் 2 என்பது 2-தான். நாலு பேர் மேசையில் மூன்று எதிராளிகள், ஒரு மந்திரத்துக்கு மொத்தம் 6. பாம்பன் தம்பியிடம் எட்டு நிலம் இருந்தது. மூன்று மனாவுக்குக் கட்டர்ஸ்னைப்பை இறக்கினார். யாரும் கண்டுகொள்ளவில்லை, டீ வந்திருந்தது. ஒரு மனாவுக்கு லைட்னிங் போல்ட், என் பக்கம் 3, அதோடு மூவருக்கும் 2. ஒரு மனாவுக்கு ஃபெய்த்லெஸ் லூட்டிங், இரண்டு கார்டு எடுத்து இரண்டைத் தள்ளினார், மூவருக்கும் இன்னொரு 2. மிச்சம் மூன்று மனா. அதே லூட்டிங்கை, போட்டு முடித்த கார்டு போய்ச் சேருகிற கல்லறையிலிருந்து மூன்று மனா கட்டித் திரும்பப் போட்டார், அதுவும் மந்திரம் போட்ட கணக்குதான், திரும்ப 2. ஒரே டர்னில் மேசையிலிருந்து 21 உயிர் போயிருந்தது, எல்லாம் காமன் கார்டு, தலைவர் மட்டும் ஒரு வெள்ளி. டீ கிளாஸைக் கீழே வைத்த பிறகுதான் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அடுத்த டர்னில் கட்டர்ஸ்னைப்பைக் கொன்றாயிற்று. அவர் பொறுமையாக ஐந்து மனா சேர்த்து மறுபடி இறக்கினார். அதையும் கொன்றோம், அடுத்தது ஏழு மனா. அதற்குள் என்னிடம் கொல்கிற கார்டு தீர்ந்திருந்தது.

16 சேதம் என்ற எண்ணையும் சரியாகப் போட்டிருக்கிறார்கள். கிராக்ளிங் டிரேக் என்று நீலமும் சிவப்பும் கலந்த பறக்கும் உயிரினம் ஒன்று, அதுவும் அன்காமன். நம் கல்லறையிலும் விலக்கி வைத்த இடத்திலும் எத்தனை இன்ஸ்டன்ட், சார்சரி இருக்கிறதோ அதுதான் அதன் பலம். எட்டு மந்திரம் சேர்ந்துவிட்டால் இரண்டே அடியில் ஆள் காலி. 21 என்றிருந்தால் மூன்று அடி வேண்டும், அதற்குள் ஆட்டம் வேறெங்கோ போயிருக்கும். தட்யோவா என்கிற மெர்ஃபோக்கும் (கடல் மனிதர் மாதிரி உயிரினம்) இங்கே ரொம்ப ஓடுகிறது, நிலம் ஒன்று இறங்கினால் ஓர் உயிர் கூடும், ஒரு கார்டு எடுக்கலாம். எவால்விங் வைல்ட்ஸ் மாதிரி காமன் நிலத்தை இறக்கினால் அதற்கு ஒன்று, அதைத் தியாகம் செய்து வேறு நிலம் கொண்டுவந்தால் அதற்கு இன்னொன்று. ராமநாதபுரம் கல்லூரியில் படிக்கிற ஒரு தங்கச்சி அந்த டெக்கைத்தான் ஆடுகிறார். மண்டபத்துப் பையன்கள் அந்த மெர்ஃபோக்குக்கு ஆவுளியா (கடல் பசு) என்று பேர் வைத்துவிட்டார்கள், இப்போது அவர்களுக்கு ஒரிஜினல் பேர் சொன்னால் புரிவதில்லை.

சரி, தலைவலிக்கு வருவோம். எது காமன், எது காமன் இல்லை?

புதுக் கார்டில் இது எளிது. நடுவில் வலது பக்கம் இருக்கிற தொகுப்பு முத்திரையைப் பாருங்கள், கறுப்பு என்றால் காமன், வெள்ளி அன்காமன், தங்கம் ரேர், ஆரஞ்சுச் சிவப்பு மித்திக். கடந்த பத்துப் பன்னிரண்டு வருடத்துக் கார்டுகளில் இடது கீழ் மூலையில் தரத்தைக் குறிக்கும் எழுத்தும் இருக்கும், வெளிச்சம் குறைவான மாடியில் அது உதவுகிறது. முத்திரைக்கு நிறம் கொடுக்கிற வழக்கமே 1998-ல் எக்ஸோடஸ் தொகுப்பில்தான் வந்தது. அதற்கு முந்தைய கார்டில் ரேரும் காமனும் பார்க்க ஒன்றாகத்தான் இருக்கும், ஆகப் பழைய அடிப்படைத் தொகுப்புகளில் முத்திரையே கிடையாது. மலேசியாவிலிருந்து ஒருவர் கொண்டுவந்த 90-களின் கட்டு ஒன்று இந்த மேசையில் ஏற்படுத்திய சண்டையை நான் பார்த்திருக்கிறேன், கறுப்பு முத்திரையைக் காட்டிக் காட்டிப் பேசினார், தேடிப் பார்த்தால் பாதி ரேர்.

இதன் மறுபக்கம்தான் புதியவர்களை ரொம்பக் குழப்புகிறது. கையில் இருக்கிற பிரதி வெள்ளியாக இருந்தாலும், அதே கார்டு வேறு எப்போதாவது, அச்சிலோ, கணினியில் ஆடுகிற மேஜிக் ஆன்லைனிலோ, காமனாக வந்திருந்தால் 99-க்குள் சேர்த்துக்கொள்ளலாம். கவுன்ட்டர்ஸ்பெல் 1993-ல் அன்காமனாகத்தான் பிறந்தது, பிறகு பல தொகுப்புகளில் காமன், 2021-ல் மறுபடி அன்காமன். எந்தப் பிரதி வைத்திருந்தாலும் செல்லும். செய்னர்ஸ் எடிக்ட் 2002-ல் டார்மென்ட்டில் அன்காமன், 2014-ல் ஆன்லைனில் மட்டும் வந்த வின்டேஜ் மாஸ்டர்ஸில் காமன் ஆனது, அதனால் கையில் இருக்கிற வெள்ளிக் கார்டும் ஓடும். கடையில் தினமும் கேட்கிற உரையாடல் இது (காக்கா என்றால் இந்தப் பக்கம் அண்ணன்):

"காக்கா, இவரு வெள்ளிய உள்ள வச்சிருக்காரு, செல்லாதுன்னு சொல்லுங்க."

"இரு வாப்பா, பாத்துச் சொல்றேன்."

உடனே கடைக்கார காக்கா போனை எடுத்து ஸ்கிரைஃபால் என்ற கார்டுத் தேடல் தளத்தில் கார்டின் எல்லாப் பதிப்புகளையும் தேடுவார். அந்த மாடியில் நெட் ஒரு கம்பிதான், ஜன்னலோரம் போய் கையை வெளியே நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். பதில் வருவதற்குள் மேசையில் இரண்டு பேர் கோபித்துக்கொண்டிருப்பார்கள். சுவரில் லேமினேட் செய்து ஒட்டியிருக்கும் தமிழ் விதித்தாளில் "99 கார்டும் காமன்" என்று மொட்டையாக ஒரு வரி இருக்கிறது, "எந்தப் பதிப்பிலாவது காமனாக வந்திருந்தால் போதும்" என்ற முக்கியமான வரியைக் காணோம். அந்த ஒற்றை வரியைச் சேர்த்தால் பாதிச் சண்டை தீரும். நேரில் சொல்லியாயிற்று, காக்காவும் சரி சரி என்கிறார், தாள் இன்னும் மாறவில்லை. மற்றபடி அந்தத் தாள் நல்ல தமிழில், கையால் எழுதி ஜெராக்ஸ் போட்டது, டர்ன் வரிசையை அவ்வளவு தெளிவாக வேறெங்கும் நான் படித்ததில்லை.

இந்த வகைக்கென்றே தடை செய்த கார்டு என்று பார்த்தால் பெரிதாக இரண்டுதான், மிஸ்டிக் ரெமோரா, ரிஸ்டிக் ஸ்டடி. இரண்டுமே நீலம், இரண்டுமே காமன், முதலாவது 1995-ன் ஐஸ் ஏஜ், இரண்டாவது 2000-ல் வந்த ப்ராஃபசி. ரிஸ்டிக் ஸ்டடி மேசையில் இருந்தால் எதிராளி ஒவ்வொரு மந்திரத்துக்கும் கூடுதலாக ஒரு மனா கட்ட வேண்டும், கட்டாவிட்டால் வைத்திருப்பவர் ஒரு கார்டு எடுப்பார். பெரிய கமாண்டர் ஆடினவர்களுக்குத் தெரியும், "கட்டுறியா, கட்டலியா" என்று ஆட்டம் முடியும்வரை கந்துவட்டிக்காரர் மாதிரி ஒருவர் கேட்டுக்கொண்டே இருப்பார். மூன்று எதிராளிகள் இருக்கிற மேசையில் அது ஆட்டத்தையும் கெடுக்கும், மனதையும் கெடுக்கும். தடை செய்தது நூறு சதம் நியாயம்.

அந்தக் கார்டை வைத்தே இன்னொன்றும் சொல்ல வேண்டும். காமன் என்றால் மலிவு என்று நினைத்துக்கொண்டு வராதீர்கள். ரிஸ்டிக் ஸ்டடி காமனாக அச்சானதுதான், ஆனாலும் பல ரேர்களைவிட விலை அதிகம். 1993-ன் அரேபியன் நைட்ஸில் வந்த ஊப்லியட் என்ற காமன், பல வருடம் மறு அச்சு இல்லாமல் கிடந்து விலை எகிறி, 2020-ல் டபுள் மாஸ்டர்ஸில் வந்த பிறகுதான் சாமானியர் கைக்கு எட்டியது. அரிதாக இருப்பது விலையில் தெரியும், முத்திரையின் நிறத்தில் தெரியாது. இந்த வகையின் விதியில் விலைக்கு உச்சவரம்பு கிடையாது. அதைக் கடை சரிக்கட்டியிருக்கிறது: ஞாயிறு மேசையில் ஆடுகிற டெக்கில், கடைப் பெட்டியில் அப்படியொன்று கிடைக்காவிட்டால், வெளியே 300 ரூபாய்க்கு மேல் விற்கிற கார்டு கூடாது என்று வீட்டு விதி போட்டிருக்கிறார்கள். விதி எழுதினவர்கள் மறந்ததை நம்ம ஊர்க்காரர் எழுதியிருக்கிறார். கையில் இல்லாத கார்டுக்குப் பதிலாக வைக்கிற புராக்ஸியும் பேனாவால் எழுதியது இரண்டு வரை அனுமதி, கலர் பிரிண்ட் எடுத்து வந்தால் விடமாட்டார், கள்ளக் கார்டு பழக்கம் வந்துவிடும் என்பது அவர் கட்சி.

இனி கடை. பேர் போடவில்லை, கேட்கிறவர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன், கீழே ஸ்டேஷனரி, மேலே மேசை. ஏணிப்படி செங்குத்து, வயதானவர்களுக்குச் சிரமம். கார்டுகளைப் பனை ஓலைப் பெட்டிகளில் நிற வாரியாகப் பிரித்து வைத்திருக்கிறார், வெள்ளை, நீலம், கறுப்பு, சிவப்பு, பச்சை என்று மூடியில் சாயத்துணி கட்டியிருக்கும். எந்தக் காமனும் 10 ரூபாய், அன்காமன் உயிரினம் 20, பொறுக்கி எடுக்க உட்கார்ந்தால் யாரும் விரட்ட மாட்டார்கள். மேசைக் கட்டணம் 40 ரூபாய், அதில் ஒரு டீ சேர்த்தி. டீ சுமார், கீழே தெருமுனையில் வாங்கி வருகிற தொதல் என்ற இனிப்பு பரவாயில்லை, ஆனால் எண்ணெய்க் கையோடு கார்டைத் தொட்டால் காக்கா முகம் மாறும், மாறவும் வேண்டும்.

பூஸ்டர் பாக்கெட் அங்கே கிடைக்காது. முதல் தடவை வருகிறவர்கள் எல்லாருக்கும் இது ஏமாற்றம்தான். "உள்ள என்ன இருக்குன்னு தெரியாம காச கொடுத்து வாங்குறது லாட்டரி, அத 2003-லயே ஒழிச்சாச்சு, என் கடையில திரும்பக் கொண்டுவர மாட்டேன்" என்கிறார். கம்பெனி கேட்டால் சிரிக்கும், எனக்கு அவர் சொல்வதில் பாதிக்கு மேல் சரி என்றே படுகிறது. காசு வைத்து ஆடக் கூடாது என்ற அறிவிப்பும் வாசலிலேயே இருக்கிறது. ஆரம்பத்தில் தெருப் பெரியவர்கள் சீட்டாட்டம் என்று சொல்லி இரண்டு மூன்று தடவை மேலே வந்து பார்த்துவிட்டுப் போனார்களாம். அவர்கள் சந்தேகத்தில் சின்ன நியாயம் இல்லாமல் இல்லை. 1993-ன் மேஜிக்கில் ஆன்ட்டி என்று ஒரு விதி இருந்தது, ஆளுக்கொரு கார்டைப் பணயம் வைத்து ஆடி, ஜெயித்தவர் எடுத்துக்கொள்வது. அதைச் சீக்கிரமே கைவிட்டார்கள், அதைப் பற்றிப் பேசுகிற கார்டுகள் எந்த வகையிலும் செல்லாது. இப்போது அதே பெரியவர்களில் ஒருவருடைய பேரன் ஞாயிறு தவறாமல் வருகிறான், உயிர்க் கணக்கை மனதிலேயே கழித்துச் சொல்கிறான், தாத்தாவுக்கு அதில் பெருமை.

காற்று பெரிய எதிரி. கச்சான் அடிக்கிற மாதங்களில் கடல் பக்க ஜன்னலைத் திறந்தால் கார்டு பறக்கும், மூடினால் மனிதர்கள் அவிந்துபோவோம். ஃபேனை ஒன்றில் வைத்தால் போதவில்லை, இரண்டில் வைத்தால் டோக்கன் எல்லாம் பக்கத்து மேசைக்குப் போகிறது. எல்லாரும் கிளிஞ்சலைக் கார்டு மேல் வைத்து ஆடுகிறார்கள், பார்க்க அழகுதான், ஆனால் டேப் செய்த (பயன்படுத்திவிட்டதைக் காட்டச் சாய்த்து வைத்த) கார்டா இல்லையா என்பது தெரியாமல் அடிக்கடி கேட்க வேண்டியிருக்கிறது. உப்பு ஈரத்தில் மினுங்குகிற ஃபாயில் கார்டுகள் வளைந்துவிடுகின்றன, டெக்கில் வளைந்த கார்டு ஒன்று இருந்தால் மேலே வரும்போதே எது என்று தெரிந்துவிடும், ஒழுங்கான போட்டியில் அதற்கு அடையாளமிட்ட கார்டு என்று பெயர், அனுமதிக்க மாட்டார்கள். இங்கே ஃபாயிலே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கார்டுக்கு உறையாகப் போடுகிற ஸ்லீவ் மலிவானதை வாங்கினால் இரண்டு மாதத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது. கடையில் விற்கிற ஸ்லீவை நான் சிபாரிசு செய்யமாட்டேன், அதன் ஓரம் தையல் விடுகிறது, 100 கார்டைக் கலைக்கும்போது நடுவில் பிய்ந்து நிற்கும். கொஞ்சம் தடித்த, சொரசொரப்பான முதுகுள்ளதை வெளியில் வாங்கிக்கொண்டு வாருங்கள்.

ஆட்டத்தின் பெரிய குறை நேரம். காமன் கார்டுகளில் மேசையை மொத்தமாகத் துடைக்கிற மந்திரம் குறைவு. கறுப்பில் பெஸ்டிலன்ஸ், கிரிப்ட் ராட்ஸ் உண்டு, சிவப்பில் சிறிய உயிரினங்களைச் சுடுகிற சில உண்டு, வெள்ளை, பச்சை ஆடுகிறவர்களுக்கு ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. அதனால் நாலு பேரும் உயிரினங்களை அடுக்கிக்கொண்டே போவார்கள், யார் அடித்தாலும் தனக்குத் திருப்பி விழும் என்று யாரும் அடிக்கமாட்டார்கள், அப்படியே சுற்றிச் சுற்றி வரும். சோல் ரிங் மாதிரி வேகம் கூட்டுகிற கார்டு காமனாக வந்ததில்லை, அதனால் உள்ளே வராது. ஆர்க்கேன் சிக்னெட் காமனாக வந்திருக்கிறது, அது வரும். மெதுவாகத் தொடங்குவது நல்லதுதான், பெரிய கமாண்டரில் மூன்றாவது டர்னிலேயே ஒருவர் ஓடிப்போய்விடுகிற கொடுமை இங்கே இல்லை. ஆனால் இறுதிக்கட்டமும் மெதுவாகப் போகிறது. ஒன்றரை மணிநேரம் சாதாரணம், இரண்டு மணிநேரமும் பார்த்திருக்கிறேன். சீக்கிரம் அவுட் ஆனவர் என்ன செய்வது? கீழே போய் நோட்டுப் புத்தகம் விற்க உதவ வேண்டியதுதான். நான்கு பேருக்கு உயிர் 30 என்பதை 25 ஆக்கலாம் என்பது என் கருத்து, காக்கா ஒத்துக்கொள்ளவில்லை, வெளியூரிலிருந்து வருகிறவர்களோடு ஆடும்போது குழப்பம் வரும் என்கிறார். அதுவும் சரிதான். அதற்குப் பதிலாக என் அறிவுரை, பெஸ்டிலன்ஸ் மாதிரி ஒன்று உள்ள கறுப்பு டெக் ஒன்றாவது மேசையில் இருக்கட்டும். ஒரு கறுப்பு மனாவுக்கு எல்லா உயிரினத்துக்கும் எல்லா ஆட்டக்காரருக்கும் 1 சேதம், எத்தனை தடவை வேண்டுமானாலும். அது இறங்கினால் எல்லாருக்கும் அவசரம் வந்துவிடும்.

60 கார்டு பாப்பரும் அங்கே ஒரு மேசை உண்டு, அதைப் பற்றிச் சீக்கிரமாகச் சொல்லிவிடுகிறேன். அது அதிகாரபூர்வமான வகை. ஆன்லைனில் 2008-லிருந்து ஓடியது, 2019-ல் அச்சுக் கார்டுக்கும் ஆன்லைனுக்கும் ஒரே பட்டியல் என்று சேர்த்தார்கள், 2022-லிருந்து காவின் வெர்ஹி தலைமையில் ஒரு குழு தடைப்பட்டியலைப் பார்த்துக்கொள்கிறது. குழு சுறுசுறுப்பானது, 2023-ல் மொனாஸ்டரி ஸ்விஃப்ட்ஸ்பியர், 2024-ல் ஆல் தட் கிளிட்டர்ஸ் என்று ஆட்டத்தைக் கெடுத்தவற்றைத் தூக்கினார்கள். தூக்கியது நல்லதே, ஆனால் நாலு நாலாகச் சேர்த்து வைத்தவருக்கு வயிறு எரியும். கமாண்டர் வகையில் ஒரு கார்டு போனாலும் 99-ல் ஒன்றுதான் போகும், பெட்டியிலிருந்து 10 ரூபாய்க்கு வேறொன்று எடுத்துச் செருகிவிடலாம். இரண்டு பேர்தான் இருக்கிறீர்கள், அரை மணிநேரம்தான் இருக்கிறது என்றால் 60 கார்டு, நாலு பேர் சேர்ந்துவிட்டால் சந்தேகமில்லாமல் கமாண்டர்.

பெண்கள் வரலாமா என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். வரலாம், வருகிறார்கள், ஜன்னல் பக்க மேசையில் ஒரு ராத்தா (அக்கா) தன் மகளோடு உட்கார்ந்து ஆடுவார், வாய்பேச்சில் அவரை ஜெயிக்க முடியாது. கழிவறை கீழே கடைக்குள் இருக்கிறது, சுத்தம். குழந்தைகள் 10 வயதுக்கு மேல் என்றால் பரவாயில்லை, கார்டில் உள்ள ஆங்கிலத்தைப் படித்துச் சொல்ல ஆள் இருப்பார்கள்.

முதல் தடவை போகிறவர்கள் டெக் கொண்டுபோகத் தேவையில்லை, காக்காவிடம் இரவல் டெக் நாலைந்து உண்டு, அதில் கட்டர்ஸ்னைப்பைக் கேளுங்கள், பச்சை டெக்கைக் கொடுத்தால் வாங்காதீர்கள், அது ஆளைத் தூங்க வைக்கும். ரமலான் மாதத்தில் மதியம் கிடையாது, தராவீஹ் தொழுகை முடிந்த பிறகு இரவில் தொடங்கி விடியற்காலை சஹர் உணவு வரை போகும், அதுதான் வருடத்தின் நல்ல மேசை. மற்ற மாதங்களில் மாலை மஃரிப் தொழுகைக்குள் ஒரு ஆட்டம், அதற்குப் பிறகு ஒரு ஆட்டம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ராமநாதபுரம் திரும்புகிறவர்கள் இரண்டாவது ஆட்டத்துக்கு உட்காரும் முன்பே பஸ் நேரத்தைப் பார்த்துவிடுங்கள், நீல டெக் ஆடி ஆட்டத்தை இழுக்கிற யாராவது மேசையில் இருந்தால் உட்காரவே வேண்டாம்.